யாருக்கும் சர்க்கரை இல்லாத தெரு

எங்கள் வீட்டுப் பீரோவின் தலைமேல் ஓர் ஊறுகாய் பாட்டில் உட்கார்ந்திருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய் வந்த பெரிய பிளாஸ்டிக் பாட்டில், சிவப்பு மூடி. உள்ளே இப்போது ஊறுகாய் இல்லை, ஊசிகள். எனக்குச் சர்க்கரை முற்றி இன்சுலின் போட ஆரம்பித்த நாளிலிருந்து என் வயிற்றிலும் தொடையிலும் குத்திக்கொண்ட ஊசிகள் அத்தனையும் அதற்குள்தான் கிடக்கின்றன. எத்தனை என்று எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணினால் என்மீது எனக்கே பரிதாபம் வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

எதற்காக இதைச் சேர்த்து வைத்திருக்கிறாய், கொலு வைக்கப் போகிறாயா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே போடுவது என்று நீங்களே சொல்லுங்கள், போட்டுவிட்டு வருகிறேன் என்பேன். நான் கேட்காத இடமில்லை. ஊசி வாங்குகிற மருந்துக் கடையில் கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "விக்கறதுதானுங்க டீச்சர் நம்ம தொழிலு. திருப்பி வாங்கறதில்லீங்க." ஓர் ஆஸ்பத்திரியில் கேட்டேன். அங்கே போடும் ஊசியை மட்டும்தான் அவர்கள் எடுப்பார்களாம், வீட்டில் போட்டது வீட்டுக் குப்பையாம். குப்பை அலுவலகத்தில் கேட்டேன். "ஊசிங்களா? அது ஆஸ்பத்திரிக் குப்பைங்களாச்சே!" என்று அங்கிருந்தவர் பதறிப்போனார். இரண்டு பேர் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால் என் ஊசி எந்தக் கணக்கிலும் வராத பொருள். பாட்டிலை மறுபடி பீரோ மேல் ஏற்றினேன்.

எங்கள் நீலகிரிப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை விழிப்புணர்வு முகாம் நடந்தது. வந்திருந்த அதிகாரி மேடையில் மூன்று கூடைகளை வரிசையாக வைத்தார். பச்சைக் கூடையில் காய்கறிக் கழிவு, நீலக் கூடையில் காகிதமும் பிளாஸ்டிக்கும், சிவப்புக் கூடையில் மருந்து, ஊசி, பேட்டரி, உடைந்த டியூப்லைட், மிச்சமான பெயின்ட், பூச்சி மருந்து. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் எழுந்து சிவப்புக் கூடை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். "அது அடுத்த கட்டத்துல வருமுங்க மேடம்" என்றார். பச்சையும் நீலமும் வந்துவிட்டன. சிவப்பு இன்னும் மலை ஏறிக்கொண்டிருக்கிறது. அன்று மாலை ஊர்வலத்தில் "தரம் பிரிப்போம், தரணி காப்போம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு முன்னால் போனதும் நான்தான்.

பிறகு ஒரு விடுமுறையில் கோயமுத்தூர் போகும்போது பாட்டிலைத் துணிப்பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன். பெரிய ஊர், பெரிய ஆஸ்பத்திரி, ஏதாவது வழி இருக்கும் என்று ஒரு நப்பாசை. அங்கேயும் அதே பாட்டுத்தான். திரும்பி வரும்போது மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். நீலகிரிக்குள் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவரக் கூடாது, எல்லோருக்கும் தெரியும். என் பையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்தது. அதைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்து எடுத்தார் பையைச் சோதித்த பெண். அப்புறம் சிவப்பு மூடியைப் பார்த்தார். "ஊறுகாயுங்களா?" என்றார். "ஆமாங்க" என்றேன். "சரி, போங்க." தண்ணீர் மலை ஏறவில்லை, ஊசி ஏறிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, மலையைக் கண்ணும் கருத்துமாகத்தான் காக்கிறார்கள்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குந்தா பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் சால்வையும் வந்தன, கூடவே ஒரு கட்டு அபாயப் பலகைகளும் வந்தன. மண்டையோடு, கீழே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு எலும்பு, சிவப்பு எழுத்தில் 'அபாயம்'. துருப்பிடித்துக் கழித்துப் போட்டவை என்றார். அவற்றை வீடெங்கும் மாட்டினார். வெந்நீர் ஹீட்டருக்கு ஒன்று, மண்ணெண்ணெய் கேனுக்கு ஒன்று. கிறிஸ்துமஸ் கேக் டப்பாவின் மேலும் ஒன்று, அது எனக்காக. பின்கட்டுக் கொட்டகையில் ஒரு பழைய மீட்டர் பெட்டி தொங்கியது, அதற்கும் ஒன்று. "உள்ள பழைய ஒயரு கெடக்குது, கை வெச்சீன்னா தூக்கி அடிச்சிரும்" என்றார். நான் பெட்டிப் பக்கமே போகவில்லை. கேக் டப்பாவைப் பற்றி மட்டும் எதுவும் கேட்காதீர்கள்.

அவருக்குச் சர்க்கரை கிடையாது. அதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் விடமாட்டார். விடிவதற்குள் குரங்குக் குல்லா, மப்ளர், ஜெர்கின், கம்பளி கிளவுஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய, வாக்கிங் கிளம்புவார். திரும்பி வந்து நான் ஊசி போட்டுக்கொள்வதைப் பார்ப்பார். "நடந்திருந்தா இந்தக் கெதி வருமா? வாயக் கட்டோணும், கால அவுத்து உடோணும். நீ ரெண்டையும் மாத்திச் செஞ்சே" என்பார். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அந்த ஊசியை அவர்மேலேயே ஏற்றலாமா என்றிருக்கும்.

சர்க்கரை இல்லாதவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் யாருக்குமே கிடையாது. எந்த வீட்டில் டீ கொடுத்தாலும் "எனக்குச் சக்கர வேண்டாமுங்க" என்பார்கள். எதிர்வீட்டு பேங்க்காரருக்கு அது வாயுத் தொல்லையால், மேல்வீட்டு அக்காவுக்கு அது தவக்காலத்தில் எடுத்த நேர்ச்சையால். தவக்காலம் முடிந்து எத்தனையோ காலம் ஆகியும் நேர்ச்சை முடியவில்லை. வீட்டில் சர்க்கரை என்று வெளியே தெரிந்தால் பிள்ளைகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று ஒரு பயம். கொஞ்சம் கௌரவமும் உண்டு. ஊருக்கே தெரிந்து சர்க்கரை வைத்திருந்தவள் நான் ஒருத்திதான்.

தெரு மேட்டில் ஏறுவதால் குப்பை ஜீப் உள்ளே வராது. எல்லோரும் அவரவர் பையைக் கீழ்முக்கில் கற்பூர மரத்தடியில் வைத்துவிட்டு வர வேண்டும். குப்பை எடுக்கும் பெண் அங்கே பைகளைப் பிரித்து, நாங்கள் பிரிக்காததையெல்லாம் பிரித்து, ஜீப்பில் ஏற்றுவாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பெண். முதலில் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவள், இப்போது கான்ட்ராக்டில் குப்பை எடுக்கிறாள். நல்ல வாய்த்துடுக்கு. "டீச்சர், நீங்க ஊர்வலத்துல கத்துனதெல்லாம் ஒங்க தெருவுக்கு மட்டும் கேக்கலீங்களா?" என்று என்னையே கேட்டவள். எனக்கு அவளைப் பிடிக்கும்.

உறைபனி விழும் மாதம் அது. புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல் வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், நான் பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தபோது முக்கிலிருந்து அவள் அலறும் சத்தம் கேட்டது. ஓடினேன். மரத்தடியில் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுவிரலில் ரத்தம். காலடியில் ஒரு பிரவுன் கம்பளி கிளவுஸ் கிடந்தது. அதன் விரலைக் கிழித்துக்கொண்டு ஓர் ஊசி நீட்டிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். கான்ட்ராக்டர் கொடுத்த ரப்பர் கிளவுஸ் கிழிந்து வெகு நாளாயிற்று. விரல் விறைக்கும் குளிரில் வெறுங்கையால் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையில் நல்ல கம்பளி கிளவுஸ் ஒன்று கிடந்தது. ஒற்றைதான், ஆனாலும் ஒரு கைக்காவது ஆகுமே என்று எடுத்து மாட்டினாள். அதன் விரலுக்குள் யாரோ போட்டு முடித்த ஊசியை மூடியோடு செருகி வைத்திருந்தார்கள். மூடி கழன்றிருந்தது.

"எந்தப் பாவிங்க இத வெச்சது?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "வெளியில வாங்க! யாரு ஊசி இது?" சன்னல் திரைகள் கொஞ்சம் அசைந்தன. கதவு ஒன்றும் திறக்கவில்லை.

நான் லீவு சொல்லிவிட்டு அவளை ஜீப்பில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் இளம் பெண், பொறுமையாக விளக்கினாள். யாருக்கு எந்த நோய் இருந்ததோ தெரியாது, ஊசி வழியாக ரத்தத்தில் கலக்கும் நோய்கள் உண்டு. அதனால் இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், ஒரு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை கொஞ்சம் படுத்தும், குமட்டும், தலை சுற்றும். "அந்த ஊசியப் போட்டவங்க யாருன்னு தெரிஞ்சா நல்லதும்மா. அவங்க வந்து ரத்தம் குடுத்து, அதுல ஒண்ணுமில்லைன்னா மாத்திரைய நிறுத்திரலாம். அவங்கதான் வரணும், வேற யாரும் வந்து பிரயோசனமில்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை நான் மறக்கவில்லை. பின்னால் அது தேவைப்பட்டது.

தெருவுக்கு வந்து வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யாரையும் குற்றம் சொல்லவில்லை, வந்து ஒருதரம் ரத்தம் கொடுத்தால் போதும், அந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்றேன். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். அந்த கிளவுஸ் யாருடையதென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாதுதான். ஊட்டியில் திபெத்தியர் கடையில் வாங்கிய அதே பிரவுன் கிளவுஸ் தெருவில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. பஸ்ஸில் போனபோது எங்கேயோ விட்டுவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் அதற்கு முந்தின வாரம் சொல்லியிருந்தார்.

அன்று தொடங்கியது தெருவில் ஓர் அதிசயம். இதுநாள்வரை சர்க்கரை வேண்டாம் என்றவர்கள் எல்லாம் வேண்டும் என்றார்கள். பேங்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். டீயில் ரெண்டு ஸ்பூன் போடச் சொன்னார், நான் பார்க்கிறேனா என்று பார்த்துக்கொண்டே குடித்தார். மேல்வீட்டு அக்காவின் நேர்ச்சை ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது. வாசலில் நின்று, போகிறவர் வருகிறவர் பார்க்கும்படி ஜிலேபி சாப்பிட்டார். அடேங்கப்பா, என்ன தைரியம்! வீட்டுக்குள் போய் எத்தனை யூனிட் இன்சுலின் ஏற்றிக்கொண்டாரோ.

ஆக, தெருவில் சர்க்கரை உள்ள வீடு ஒன்றே ஒன்று என்று ஆகிவிட்டது. எல்லோர் பார்வையும் என்மேல் விழுந்தது. நான் பீரோ மேலிருந்து பாட்டிலை இறக்கி, வந்தவர்கள் முன்னாலெல்லாம் வைத்தேன். "என் ஊசி ஒண்ணும் வெளிய போகல. அத்தனையும் இங்க இருக்கு" என்றேன். அதைப் பார்த்து மேல்வீட்டு அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டார். "இத்தன ஊசிய ஊட்டுக்குள்ள வெச்சிருக்கறீங்களா! எவ்வளவு ஆபத்துங்க!" என்றார். குப்பையில் போட்டவர் யாரோ நல்ல பெயரோடு இருக்க, சேர்த்து வைத்தவள் ஆபத்தானவள் ஆகிவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பார்க்க, எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். சுருண்டு படுத்திருந்தாள். சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிடுவேன் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டாராம். "மாத்திரகூடப் பரவால்லீங்க டீச்சர். என்ன நோவு உள்ள போச்சுன்னு தெரியாம கெடக்கறதுதான் தாங்க முடியல. புள்ளைங்க தட்டுல கை வெக்கவே பயமா இருக்குதுங்க" என்றாள். அவளுக்குத் தைரியம் சொல்லப் போன நான்தான் அழுதேன். என் பாட்டிலைப் பற்றியும், தெருவில் அதற்கு நடந்த மரியாதையைப் பற்றியும் சொன்னேன். அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். அவர் தெருச் சங்கத்தின் தலைவர். எல்லோரும் அவரிடம் பேசினார்களாம், எல்லோருக்கும் ஒரே அபிப்பிராயமாம்.

"நீயே உன்னோடதுன்னு சொல்லிரு" என்றார்.

"எது?"

"அந்த ஊசிதான். உனக்கு இருக்கறது ஊருக்கே தெரியும். புதுசா ஒண்ணும் போயிராது. ரத்தத்தக் குடு, அவளும் மாத்திரைய நிறுத்திருவா, தெருவுலயும் பேச்சு அடங்கிரும். புண்ணியமாப் போகும்."

ஒரு நிமிடம் எனக்கே அது நல்ல யோசனையாகத் தோன்றியது, அதுதான் பயங்கரம். என் ரத்தம் சுத்தம் என்று வந்துவிடும், மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், அவளும் நிம்மதியாகத் தூங்குவாள். குத்தின ஊசி யாருடையதோ, அதில் என்ன இருந்ததோ, அது அவள் உடம்புக்குள் சத்தமில்லாமல் இருந்துகொண்டே இருக்கும். "அவங்கதான் வரணும்" என்று டாக்டர் சொன்னது காதில் விழுந்தது. "அவள நானே கொல்லோணுமா?" என்றேன். தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டேன். மறுநாள் தெருவில் எனக்கு ஒரு பெயர் வந்தது. ஒரு நல்லது செய்ய மனசில்லாதவள் என்று.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில். மரத்தடியில் கேமரா வைப்பதா, வெளியாட்கள் பை வைப்பதைத் தடுப்பதா என்பது விஷயம். வெளியாள் யாரோதான் கொண்டுவந்து போட்டிருக்க வேண்டும் என்று அதற்குள் தெரு முடிவு செய்துவிட்டிருந்தது. கூட்டம் சீக்கிரமே கூடிவிட்டதால் என் வீட்டுக்காரர் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை. நான் வர்க்கி பிஸ்கட்டும் டீயும் கொண்டுவந்தேன். எல்லோரும் சர்க்கரை அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். தலைவர் மட்டும், தன் உடம்பைத் தான் பார்த்துக்கொள்ளும் பெருமையோடு, வெறும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுப் பேச எழுந்தார்.

"நம்ம தெருவுல பொறுப்பில்லாதவங்க ஒருத்தர்கூடக் கெடையாது" என்று ஆரம்பித்தார். சுத்தம், சுகாதாரம் என்று கொஞ்ச தூரம் போனார். அப்புறம் ஒரே வாக்கியத்தை இரண்டாம் தரம் சொன்னார், மூன்றாம் தரமும் சொன்னார். ஸ்வெட்டர் பட்டனைக் கழற்றினார், மறுபடி போட்டார். அந்தக் குளிரில் நெற்றியெல்லாம் வியர்வை கொட்டியது. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, "நீங்க எந்த ஊருங்க?" என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியும். எனக்கே எத்தனையோ முறை வந்திருக்கிறது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை விழுந்துவிடும். உடனே இனிப்பு வாயில் போட வேண்டும். நான் சர்க்கரை டப்பாவுக்குத் திரும்பினேன்.

திரும்புவதற்குள் பேங்க்காரர் கோட்டுப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து நீட்டிவிட்டார். மேல்வீட்டு அக்கா கைப்பையைத் திறந்து சாக்லேட்டை உரித்தார். பக்கத்தில் இருந்தவர் குளுக்கோஸ் பொட்டலம், அதற்குப் பக்கத்தில் இருந்தவர் கடலை மிட்டாய். ஜெர்கின் பைகளிலிருந்தும் ஹேண்ட்பேக்குகளிலிருந்தும் சேலை முந்தானை முடிச்சிலிருந்தும் இனிப்புகள் வந்துகொண்டே இருந்தன. யாருக்கும் சர்க்கரை இல்லாத தெருவில் ஒருவர் பையிலாவது இனிப்பு இல்லாமல் இல்லை. நீட்டிய கைகள் அப்படியே நின்றன. ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பேரனுக்கு வாங்கி வெச்சதுங்க" என்றார் மேல்வீட்டு அக்கா.

"மலை பஸ்ஸுல எனக்கு வாந்தி வரும், அதுக்குத்தான்" என்றார் பேங்க்காரர். அவர் காரில்தான் போவார்.

நான் சாக்லேட்டைப் பிடுங்கி என் வீட்டுக்காரர் வாயில் திணித்தேன், மேலே இனிப்பு டீயை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவசர அவசரமாகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கேமரா விஷயம் அப்படியே நின்றது.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன். எனக்கு எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"ஏனுங்க, எத்தன நாளா?"

தலையைக் குனிந்துகொண்டார். "ரிட்டயர் ஆவறதுக்கு முன்னாடியே" என்றார். கை பின்கட்டைக் காட்டியது.

கொட்டகைக்குப் போனேன். மண்டையோடு போட்ட மீட்டர் பெட்டியைத் திறந்தேன். ஒயர் எதுவும் இல்லை. துணியில் சுற்றிய இன்சுலின் புட்டி இருந்தது. எங்கள் ஊர்க் குளிருக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு! பக்கத்தில் புது ஊசிகள். அதற்குப் பின்னால் ஒரு பிரவுன் கம்பளி கிளவுஸ், வலது கை. அதன் விரல்கள் ஒவ்வொன்றிலும் போட்டு முடித்த ஊசிகள் செருகியிருந்தன. விடிகாலையில் வாக்கிங் போகும்முன் இங்கே நின்றுதான் குத்திக்கொண்டிருக்கிறார். வீட்டிலேயே எனக்குத் தெரியாமல் இருந்த ஒரே அபாயத்துக்குப் பலகையும் சரியாகத்தான் மாட்டியிருந்தார்.

கிளவுஸைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டேன்.

"கெட்டிக் கம்பளி, குத்தாதுன்னு நெனச்சேன்" என்றார். "யாரு எடுத்து மாட்டுவாங்கன்னு கண்டேன்?"

"உங்களுக்கும் இருக்குதுன்னு சொன்னா நான் சிரிச்சிருவன்னா? இத்தன வருஷம் என்னத் திட்டுனீங்களே, அதுக்காகவா? வெக்கம் உங்களுக்கு, வாந்தி அவளுக்கா? இதுல ஊசி என்னோடதுன்னு நான் சொல்லோணுமாமா!" அவர் அழுதார். அழட்டும் என்று விட்டுவிட்டேன். "நாளைக்கு மொத பஸ்ஸு. நீங்க வர்றீங்க, நீங்களே சொல்றீங்க" என்றேன்.

மறுநாள் அந்தப் பெண்ணுக்கும் சொல்லி அனுப்பினேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் அவள் முன்னால் போய் நின்றார். குரங்குக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பவர் ஹவுஸில் பெரிய அதிகாரிகள் வந்தபோதுகூட அவர் குல்லாவைக் கழற்றியிருக்க மாட்டார்.

"ஊசி என்னோடதும்மா. கிளவுஸும்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வாய்க்கு என்னென்னவோ வரும் என்று நான் தயாராக நின்றேன். வரவில்லை.

"கிளவுஸு நல்லாத்தாங்க சார் இருந்துச்சு" என்றாள். "கைய உட்டதும் கதகதன்னு இருந்துச்சுங்க."

அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

ரத்தம் எடுத்தார்கள். காத்திருந்தோம். மூவரும் ஒரே பெஞ்சில், யாரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது, அதை இவருக்காகவும் அவளுக்காகவும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் முதலில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். ரத்தத்தில் பயப்படும்படி எதுவும் இல்லை என்றாள். சர்க்கரையைத் தவிர. பிறகு அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தாள். வெகு நேரம் ஆயிற்று. மாத்திரையை நிறுத்தலாம் என்று சொல்ல இவ்வளவு நேரமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்தாள். கையில் ஒரு சின்னப் பொட்டலம்.

"மாத்திரய நிறுத்தியாச்சுங்க டீச்சர். சாரோட நோவு எதுவும் எனக்கு ஒட்டலீங்க."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஆனா இத்தன ரத்தம் எடுத்துப் பாத்தாங்களே, அதுல ஒண்ணு கண்டுபுடிச்சிட்டாங்க" என்று பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள். புது ஊசிகள், ஒரு புட்டி. "எனக்கும் சக்கரதானுங்களாம். ரொம்ப நாளா இருந்திருக்கும்னு டாக்டரம்மா சொல்லுச்சு. மாத்திரைக்கெல்லாம் கேக்காதாம், தெனமும் குத்தோணுமாம்."

தெருவில் ஒவ்வொருவருக்கும் இருக்கிறதா இல்லையா என்று அவ்வளவு யோசித்த எனக்கு, இவளுக்கு இருக்கக்கூடும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. பயப்படாதே, பழகிவிடும், வலிக்காது, நான் சொல்லித்தருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

"குத்திக்கறதுக்கு என்னங்க, குத்துனது ஒண்ணா ரெண்டா?" என்றாள். பொட்டலத்தை மடித்து மடியில் பத்திரமாகச் செருகிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "போட்ட ஊசிய எங்க போடறதுன்னு கேட்டேனுங்க. குப்பயில போட்டுருன்னாங்க. அந்தக் குப்பய எடுக்கறது நாந்தானுங்களே. எனக்கு முடியாதன்னைக்கு இன்னொருத்தி எடுப்பா."

மடியிலிருந்த பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒங்க ஊறுகா பாட்டில்ல இன்னும் எடம் இருக்குங்களா?"